ஆடும் கதிரைக்கு நான் போட்ட பூச்சியம்

பிள்ளைகளே, நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் ஓட்டியிருக்கிறேன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறைக்குள்.

நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுகூடத்தில், யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் ஆராய்ச்சி செய்தார். மோட்டர்களின் மேல் உட்கார ஒரு கதிரை, முன்னால் பெரிய திரை. திரையில் விமானம் சரிந்தால் கதிரையும் சரியும். விமானிகள் தரையிலேயே பழகுவதற்கான பொறி அது. கதிரை கொஞ்சம் பிந்திச் சரிந்தால் உடம்பு பொறுக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

வேலையாட்கள் எட்டுப் பேரை ஒருநாள் உடனே சரியும் கதிரையிலும், மறுநாள் பிந்திச் சரியும் கதிரையிலும் இருத்தினார். இறங்கியதும் ஒரு படிவம். தலைச்சுற்று, குமட்டல், வியர்வை ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை போட வேண்டும்.

இரண்டாம் நாள் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. கட்டடத்துக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டேன். ஒருவர் கூப்பிட்டுச் சோறு போட்டு, எப்படி என்று கேட்டால், உப்புக் கூடிவிட்டது என்றா சொல்வோம்? மிஸ் தேத்தண்ணியும் தின்னப் பணிஸும் வேறு தந்திருந்தார்.

அடுத்த கிழமை அவர் படிவங்களை மேசையில் பரப்பியிருந்தார். எட்டுப் பேரும் பூச்சியம். பிந்தினாலும் பாதகமில்லை என்று எழுதி, அன்றே பேராசிரியரிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

அதை நம்பி அப்படியே கதிரை செய்தால், பழக வருகிறவர்களும் என்னைப் போல் பின்பக்கம் ஓடுவார்களே.

"மிஸ், நான் அன்னிக்கு சத்தி எடுத்தேங்க."

அவர் நிமிர்ந்தார். "அப்ப ஏன் அண்ணை பூச்சியம் போட்டனீங்கள்?"

"நீங்க கஷ்டப்பட்டு செஞ்ச கதிரைய எப்படிங்க குறை சொல்றது?"

"நான் கதிரையைக் கேக்கேல்லை அண்ணை. உங்கட வயித்தைத்தான் கேட்டனான்."

மலையேறும் கலஹா பஸ்ஸில் எத்தனை வளைவு வந்தாலும் எனக்கு ஒன்றும் செய்யாது என்றேன். அங்கே கண்ணும் உடம்பும் ஒன்றாகச் சாயும். இங்கே கண் முன்னால் போய்விட்டது, உடம்பு பின்னால் வந்தது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மற்றவர்களிடமும் போய் விசாரித்தேன். தோட்டவேலை அண்ணன் அன்று பஸ்ஸில் ஏறப் பயந்து கண்டி வரைக்கும் நடந்தாராம். அவர் போட்டதும் பூச்சியம்தான்.

பழைய படிவங்களை மிஸ் ஒதுக்கிவிட்டார். பேராசிரியரிடம் தவணை கேட்டு, எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார். விருப்பமில்லாதவர்கள் வரவேண்டாம் என்றும் சொன்னார். நான் போனேன். இம்முறை கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. அது எனக்குத் தேவைப்பட்டது.

குமட்டலுக்கு மூன்று போடும்போது கை கூசியது. படிவத்தைப் பார்த்த மிஸ், "நல்லது அண்ணை," என்று இன்னொரு பணிஸை நீட்டினார்.

வேண்டாம் என்று உண்மையைச் சொன்னேன்.