நெறி என்று நினைத்த கட்டி

அப்பா தை மாசம் ஆஸ்பத்திரியில் இறந்தார். சின்ன ஆபரேஷன் என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போனார்கள். ஏன் இறந்தார் என்று எங்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்டவரைக் கண்டாலே எனக்கு நம்பிக்கை வராது. எங்கள் குப்பத்துக் கங்கையம்மன் மேலும் கோபம்தான். கோயில் பக்கமே போகவில்லை.

அதே வருஷம், சுனாமி வந்துபோன பிறகு வந்த ஆடியில், அம்மாவுக்குத் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தது. அம்மா மீன் விற்கிறவள். காலில் கெளுத்தி முள் குத்தியிருந்தது. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டு நான் சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள்.

அதே பெரிய ஆஸ்பத்திரிதான். வேறு போக்கிடம் இல்லை. ஒரு டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்தார். பின்னாலேயே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசையாக வந்து அழுத்தினார்கள். குடல் இறக்கம், உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"அது ஆம்பளைங்களுக்குத்தான சார் வரும்? எங்கம்மாவ வச்சுப் படிக்கப் பாக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போடும்மா, நேரமில்ல."

அப்பாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். நான் போடவில்லை.

அம்மா அந்த வலியிலும் சொன்னாள்: "மார்க்கெட்டுல மீன அமுக்கிப் பாக்குற மாரி ஊரே என்னை அமுக்கிட்டுப் போவுதுடி. வாங்குறவங்க ஒருத்தரையும் காணோம்."

படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். "கங்கையம்மா, தாயே, அப்பாவ எடுத்துக்கிட்ட. உன்ன எப்படி நம்புறதுன்னு தெரியல. இங்க பொய் சொல்லாத வாய் ஒண்ணு காட்டு, அது போதும்" என்று கேட்டேன். அழுகைகூட வரவில்லை.

எழுந்து வந்தபோது அம்மா பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். அம்மா முள் குத்தியதைச் சொல்ல, அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு குத்துன புண்ணு ஆறிப்போச்சே. அப்புறம் நெறி ஏன் பெருசாவுது?" என்றார். "ஆம்பளைங்களுக்குக் குடல் இதுக்கு மேல இறங்கும். இது கீழ, ரத்தக்குழா பக்கத்துல ஒரு சின்ன சந்து. இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வரும்."

"உள்ள என்ன மாட்டியிருக்கு?"

"தெரியல. தொறந்தாதான் தெரியும். விட்டா அழுகிடும்."

"எங்கம்மா பொழைச்சிடுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். பொழைக்க வைக்கத்தான் கூப்புடுறேன்."

அப்பா சாகும்வரை எல்லாம் தெரிந்த மாதிரியேதான் பேசினார்கள். பொய் சொல்கிறவர் தெரியல என்று சொல்வாரா? நான் கேட்ட வாய் இதுதான். கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும் ஆபரேஷன் அறைக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த டாக்டரே வெளியே வந்து சொன்னார். கட்டிக்குள் மாட்டியிருந்தது குடல் வால். வீங்கிப்போயிருந்ததாம். இப்படி வருவது ரொம்ப அபூர்வம், நானே இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வாலை எடுத்துவிட்டு, சந்து இருந்த இடத்தைத் தைத்து மூடியிருந்தார்கள்.

அம்மா இப்போது கூடை தூக்கி அலைவதில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறாள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். அப்பாவை ஏன் எடுத்தாய் என்று தாயிடம் இன்னும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் நான் கேட்பது அவள் காதில் விழுகிறது, அது எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தொடை இடுக்கில் கட்டி வந்தால் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமும் கேளுங்கள், தாயிடமும் கேளுங்கள். நம்பாமல் கேட்ட எனக்கே அவள் கொடுத்தாள்.