நவாஹோ தறியில் என் மஞ்சள் விரல்

எங்கள் வீட்டில் யாரும் எச்சில் விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்காமல் புடவை எடுத்ததில்லை. சாயம் போகுமா போகாதா, அதுதான் முதல் கேள்வி. டெக்சாஸுக்கு வந்து பதினாறு வருஷமாகியும் அந்த விரல் மட்டும் திருந்தவில்லை.

ரிச்சர்ட்சனில் ஒரு கல்லூரி வளாகத்தில் நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஒருவர் தறி நெய்து காட்டுகிறார் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். காரிலேயே எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். கையைப் பாட்டில் தண்ணீரில் பேருக்கு நனைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து நின்ற தறியில் கம்பளி விரிப்பு அநேகமாக முடிந்திருந்தது. பழுப்பு, வால்நட் தோலை வேகவைத்து எடுத்தது, மஞ்சள் ஒரு காட்டுப்பூவில் காய்ச்சியது, வெள்ளை தன் ஆட்டின் சொந்த நிறம் என்றார் அந்த அம்மாள். வரும் சனிக்கிழமை அவர் மகளுக்குப் பட்டமளிப்பாம், அதற்குப் பரிசு. இன்னும் நாலு விரல் அகலம்தான் பாக்கி என்று சிரித்தார்.

"பூவுல காய்ச்சினா கலர் எப்படிடி நிக்கும்? சும்மா ரீல் விடறாங்க," என்று மகளிடம் முணுமுணுத்தேன். அவர் நூல் எடுக்கத் திரும்பியதும் விரலை நாக்கில் தொட்டு அந்த மஞ்சளைத் தேய்த்தேன். அது அசைந்துகொடுக்கவில்லை. விரல்தான் வழுக்கி, பக்கத்து வெள்ளையில் விரல் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. என் எலுமிச்சை சாதத்து மஞ்சள்.

"அம்மா, வாட் டிட் யூ டூ?" என்றாள் மகள்.

கைப்பையில் எப்போதும் பேப்பர் சோப்பு வைத்திருப்பேன். அவசரமாக அதை நனைத்துத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று எனக்கா தெரியாது? கோடு செக்கச்செவேலென்று ஆனது.

அவர் திரும்பிப் பார்த்தார். பாழாய்ப்போன என் வாயில் வந்தது இதுதான்: "டோன்ட் வொரி மேடம், இட்ஸ் நேச்சுரல். நாட் கெமிக்கல்." நினைத்தால் இன்றைக்கும் முகம் எரிகிறது.

அவர் திட்டவில்லை. கையிலிருந்த, இழையை அடித்து இறுக்கும் மரச்சீப்பைக் கீழே வைத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வோர் இழையாக உருவ ஆரம்பித்தார். சனிக்கிழமைக்குள் முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் மெல்ல நழுவி வந்துவிட்டேன்.

ஃப்ரீவேயில் ஏறியதும் மகள் கேட்டாள்: "டிட் யூ ஈவன் சே சாரி?"

சொல்லவில்லை. அடுத்த எக்ஸிட்டில் திரும்பியிருக்கலாம். "இப்போ போனா பார்க்கிங் கிடைக்காது," என்றேன்.