நடந்ததைச் சொல்ல வாய் கொடுத்தாள்

பக்தகோடிகளே, இதை இன்று நிம்மதியாக உட்கார்ந்து சொல்கிறேன். அன்று என்னால் ஒரு வாய் சோறு விழுங்க முடியவில்லை.

கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. ஹூக்ளி நதியில் பயணிகளை அக்கரை சேர்க்கும் ஒரு நீராவிப் படகுக் கம்பெனியில் நான் குமாஸ்தா. படித்துறையிலேயே ஆபீஸ். சித்திரை மாதத்து மாலை ஒன்றில் மேற்கே வானம் மை பூசியதுபோல் கறுத்தது. படகின் தலைவர் ரஹீம் சாரங்கு, சிட்டகாங்குக்காரர், காற்று வருகிறது, கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று வெள்ளைக்கார மானேஜர் துரையிடம் சொன்னார். அக்கரையில் கூட்டம் காத்திருக்கிறது, இப்போதே கிளம்பு என்று துரை அதட்டினார். பக்கத்தில் நின்ற நான் இரண்டையும் கேட்டேன்.

நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. குழந்தைகள்கூடப் போய்விட்டார்கள். தோணிக்காரர்கள் சாரங்கை இழுத்துக் கரை சேர்த்தார்கள். போலீஸ் அவரைப் பிடித்துப் போயிற்று. உத்தரவில்லாமல் அவராகவே படகை எடுத்தார் என்று துரை எழுதிக் கொடுத்துவிட்டார். மாஜிஸ்டிரேட் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஹெட்கிளார்க் சேஷய்யர் நிறையப் படித்தவர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். காற்று இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். அது பொய்யல்லவா என்றேன்.

"ஓய், உண்மைன்னு ஒண்ணு தனியா எங்கே இருக்கு? துரைக்கு அவர் நியாயம், சாரங்குக்கு அவன் நியாயம். அவன் சாமி வேற, உம்ம சாமி வேற. எந்தச் சாமி சொல்றதை உண்மைன்னு எடுத்துப்பீர்?"

வேலை போய்விடும் என்ற பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. காலையில் விளக்கின் முன் உட்கார்ந்தால் ஸ்லோகம் பாதியில் நின்றது. எல்லாம் அவரவர் பார்வை என்றால் நான் யாரிடம் எதைக் கேட்பது?

என் மனைவி மங்களம் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாள் என நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாமி வேறயா இருக்கட்டும். அன்னிக்கு ஆத்துல அடிச்ச காத்து எல்லாருக்கும் ஒண்ணுதானே? காதுல விழுந்ததைச் சொல்லிட்டு வாங்கோ. மத்ததை அம்பாள் பார்த்துப்பா."

விசாரணை நாள் காலை காளிகாட்டுக் காளி கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் சந்நிதியை நெருங்க முடியவில்லை. மதிலோரம் நின்று தமிழிலேயே கேட்டேன். "தாயே, எனக்கு வாதம் செய்யத் தெரியாது. நடந்ததைச் சொல்ல மட்டும் வாய் கொடு. என் குடும்பத்தைக் கைவிட்டுவிடாதே." எத்தனையோ நாளுக்குப் பிறகு கண்ணீர் வந்தது. மனசு லேசாயிற்று.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். குரல் நடுங்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து, இது உன் அபிப்பிராயமா, நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன்.

அப்போதுதான் நான் எதிர்பாராதது நிகழ்ந்தது. துரை எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "அவர் சொல்வது சரி. நான்தான் போகச் சொன்னேன்" என்றார். வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் அவர் உட்காரவில்லை. ரஹீம் சாரங்கு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரை விடுவித்துவிட்டார்கள்.

என் வேலை போகத்தான் போயிற்று. ஆனால் துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பே ஒரு தேயிலைக் கம்பெனியில், "கோர்ட்டில் பேசின மதராஸி நீதானே?" என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் மங்களத்துக்குப் பெண் பிறந்திருந்தது. சாரங்கு ஒரு குலை இளநீரோடு வந்து வாசலிலேயே நின்று குழந்தையைப் பார்த்து, தம் வழக்கப்படி கையேந்தித் துவா செய்துவிட்டுப் போனார். சேஷய்யர் இன்னும் அப்படியேதான் பேசுகிறார். நான் வாதாடுவதில்லை. இப்போதெல்லாம் என் ஸ்லோகம் பாதியில் நிற்பதில்லை.

உங்களில் யாருக்காவது எது சரி என்றே தெரியாமல் குழப்பிவிடுகிற ஒரு வேளை வந்தால், பெரிய பெரிய கேள்விகளுக்கெல்லாம் விடை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணால் கண்டதை, காதால் கேட்டதைச் சொல்லத் தைரியம் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கு இல்லையென்றா சொல்வாள்?