தங்கையின் பணமும் தாய்மாமன் சீரும்

என் தங்கை உயிரோடிருக்கிறாள் என்று மாதத்தில் ஒரு நாளாவது நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. பலாங்கொடையில் அவள் கணக்கு இருக்கும் பேங்கில், கடைசிக் கவுன்டரில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். சிரித்த முகம். "நங்கி இன்னவா நேத?" என்பாள், தங்கச்சி இருக்கிறாள்தானே என்று. முதல் தடவை அவள் சுகம் விசாரிப்பதாக நினைத்து, நல்ல சுகம் என்று நானும் சிங்களத்தில் சொல்லி வைத்தேன். அவளுக்குச் சுகத்தைப் பற்றிக் கவலையில்லை. தங்கை தனக்குப் பதிலாக எல்லாம் செய்ய எனக்கு அட்டோனி பவர் கொடுத்திருந்தாள், எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால் அந்தப் பவரும் அன்றோடு இல்லாமல் போய்விடுமாம். ஆகவே தங்கையின் குரலைப் போனில் கேட்டால்தான் அவள் கணக்கிலிருந்து எனக்குக் காசு தருவாள்.

தங்கை குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டு மேடம் காலையிலேயே போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் எல்லாம் கழுவிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பாள். அங்கே பாத்திரம் கழுவி முடிக்கிற நேரம் இங்கே பேங்கைச் சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போன் காலையிலேயே கைக்கு வரும். நான் கேஷியராக இருக்கும் ஹார்ட்வெயார் கடையிலோ வெள்ளிக்கிழமைதான் சீமெந்து லொறி வரும். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அரை மணி நேரம் என்று பொய் சொல்லிவிட்டு ஓடிப்போய் வரிசையில் நிற்பேன். என் முறை வரும்போது அவள் போன் 'பிசி'யாக இருக்கும். புருஷனோடு பேசிக்கொண்டிருப்பாள்.

இந்தப் பவரை நான் கேட்டு வாங்கவில்லை. அவள் வெளிநாடு போகும் முன்பு என்னைப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் புருஷன், என் மச்சானும் கூட வந்திருந்தார். மச்சான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், தங்கமான மனுஷன். புருஷன் இருக்கும்போது அண்ணனுக்கு எதற்குப் பவர் என்று நொத்தாரிசு கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இவரு நல்லவருங்க. யாரு வந்து கேட்டாலும் குடுத்துருவாரு. எங்க அண்ணன் குடுக்க மாட்டாரு."

என்னைக் கஞ்சன் என்று சட்டப்படி அறிவித்தது போல இருந்தது எனக்கு. மச்சானுக்கு அதைவிட மோசம். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர், அதன் பிறகு காசுப் பேச்சு வரும்போதெல்லாம் எந்தப் பக்கமாவது திரும்பிக்கொண்டே பேசினார்.

அவள் போனதே ஒரு வீட்டுக்காகத்தான். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு அருகில், பாதி கட்டிய வீடு ஒன்று இருந்தது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. கூரை போட்டாயிற்று, ஜன்னல்கள் பலகையடித்துக் கிடந்தன. அதைக் கட்டிய சிங்களப் பெரியவர், நாங்கள் மாத்தயா என்போம், மகனோடு போய்க் கொழும்பில் இருக்கப் போகிறார் என்பதால் நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்னார். முன்பணம் கொடுத்துவிட்டோம். மிச்சத்தைச் சித்திரை வருஷப் பிறப்புக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொருவருக்கு விற்றுவிடுவேன் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவளுடைய ஒப்பந்தம் முடிவதும் சித்திரையில்தான். வீடு கைக்கு வந்தால் வந்துவிடுவாள். வராவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாள். "திரும்பவும் லயத்துக் காம்பராவுக்கு வர்றதுக்கா அண்ணே நான் இங்க வந்து கெடக்குறேன்" என்று ஒரு தடவை சொன்னாள், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து ஒற்றை அறையை நினைத்து. அவள் அனுப்புகிற காசு சித்திரைக்குள் சரியாகச் சேர்ந்துவிடும், யாரும் கை வைக்காமல் இருந்தால்.

யார்தான் கை வைக்கப் பார்க்கவில்லை? கோயில் கமிட்டிக்காரர்கள் கடைக்கே வந்து, வெளிநாட்டுக் காசு அம்மனுக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் நல்லது என்றார்கள். மச்சானுடைய அண்ணன் ஓட்டோ லீசிங் கட்டவில்லை என்று வந்து நின்றார். தோட்டத்தில் யாருக்குப் பல்வலி என்றாலும் என் வீட்டு வாசலுக்கு வந்தது. அவர்கள் கேட்டது என் காசையல்ல, அதனால் கேட்பதற்கு வெட்கமும் இல்லை. என்னிடம் இருந்த ஒரே பதில் இல்லை என்பதுதான். காசு அவளுடையது, இல்லை என்று சொன்ன கெட்ட பேர் மட்டும் என் சொந்தச் சம்பாத்தியம்.

தை மாசம் தங்கையின் மகள் பெரிய மனுஷியானாள். சந்தோஷமான காரியம், யார் இல்லை என்றது? லயத்து வாசலில் ஓலை வெட்டிக் குடிசை கட்டினேன், அது தாய்மாமன் கட்ட வேண்டியது. பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள், என் மனைவி புட்டும் உளுத்தங்களியும் செய்து கொடுத்தாள். அத்தோடு காரியம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மச்சான் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்கு வந்தார். ஆணி டப்பாக்கள் பக்கம் திரும்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சடங்குக்கு டவுனில் கல்யாண ஹோல் எடுக்க வேண்டுமாம். ரோட்டோரம் ஆளுயரத்துக்குப் பேனர். பிள்ளைக்கு மூன்று உடுப்பு. வீடியோக்காரன் ட்ரோன் கொண்டு வருவான், அது மேலேயிருந்து எடுக்கும். எத்தனை வீட்டுச் சடங்குக்குப் போய்ச் சாப்பிட்டு மொய் வைத்திருக்கிறோம், அவர்களை எல்லாம் கூப்பிடாமல் எப்படி என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்ன தொகை வீட்டின் மிச்சப் பணத்தில் பாதிக்கு மேல். வீட்டில் கண்ணாடி போடாத ஜன்னலை ட்ரோன் மேலேயிருந்து எடுக்குமா என்று கேட்டுவிட்டேன். மச்சான் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

இதற்குள் இன்னொரு தலையிடி. சடங்கென்றால் தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். சேலை, நகை, தட்டுத் தட்டாகப் பலகாரமும் பழமும், மேளத்தோடு எல்லாருக்கும் முன்னால் நடந்து போக வேண்டும். அதற்கென்று நானும் மனைவியும் சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தோம். ஆனால் அட்டோனியும் நானே, தாய்மாமனும் நானே. நான் எதைக் கொண்டு போனாலும், தங்கச்சி காசில் தங்கச்சி மகளுக்குச் சீர் என்றுதான் ஊர் சொல்லப் போகிறது. பில்லைத் தட்டில் வைத்தா தூக்கிக்கொண்டு போவது? மனைவியிடம் புலம்பினேன்.

"அப்ப அவங்க காசுலயே எடுத்துருங்க. எப்படியும் பேச்சு வாங்கத்தான் போறோம், நம்ம காசாவது மிஞ்சும்" என்றாள்.

இவளோடு எனக்கு ஆறுதல் பேச்சே சரிவராது.

அந்த வெள்ளிக்கிழமை தங்கையே கூப்பிட்டாள். கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினேன். ஹோல் எடுக்கச் சொன்னாள். நன்றாகச் செய்ய வேண்டும், ட்ரோனும் வரட்டும் என்றாள். மச்சான் அழுதாராம். அம்மாக்காரி காசுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள், பிள்ளைக்கு ஒரு சடங்குகூட இல்லை என்று லயத்தில் பேசுகிறார்களாம். வீடு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருசம் சைன் பண்ணிக்கிறேன். ரெண்டு வருசம்தானே அண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கால் வலி என்று அழுதவள் இவள். வெள்ளிக்கிழமைதோறும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வைத்த பிறகு எனக்கு எடுத்து அழுகிறவள். இரண்டு வருஷம்தானே என்கிறாள், அடுத்த பஸ்ஸில் வருகிற மாதிரி. கத்தக்கூடாது என்று நினைத்துக் கொண்டே கத்தினேன். முதலாளி எட்டிப் பார்த்தார். கத்துவதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை, காசு அவளுடையது. எடுத்துக் கொடு என்று அவள் சொன்னால் அட்டோனி எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டும். என் பவர் அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு பவர் இருப்பது ஞாபகம் வந்தது. அதை எந்த நொத்தாரிசும் எழுதவில்லை.

"காசு ஒன்னுது. இப்பவே எடுத்து மச்சான் கையில குடுக்கச் சொன்னாலும் குடுக்குறேன். ஆனா சீர் என்னுது. நீ வந்து பிள்ளைக்குப் பக்கத்துல நிக்காம நான் சீர் தூக்க மாட்டேன்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

தாய்மாமன் சீர் வராத சடங்கு எப்படி நடக்கும்? ஹோல் எடுக்கலாம், ட்ரோன் பறக்கலாம், வருகிற சனம் முதலில் கேட்பது மாமன் எங்கே என்றுதான். மச்சானும் சும்மா இருக்கவில்லை. யட்டியாந்தோட்டையில் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகனிடம் போனார். அவனும் அண்ணன் முறைதான், அவனைத் தாய்மாமனாக நிறுத்திவிடலாம் என்று எண்ணம். வாசலில் மச்சானைக் கண்டதும் அவன் கோழி அடித்துக் குழம்பு வைத்தானாம். சீர் செலவு அவனுடையது என்று தெரிந்ததும், பால் வெட்டுகிற சீசன், தோட்டத்தில் லீவே கிடைக்காது என்று சொல்லிவிட்டானாம். கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மச்சான் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். சடங்கு தள்ளிப் போனது.

என் பேரை மட்டும் யாரும் தள்ளிப் போடவில்லை. சீர் செய்யப் பயந்து தங்கச்சி வரவில்லை என்று சாக்குச் சொல்கிறான் என்று தண்ணீர் பைப்படியில் பேச்சு. கமிட்டிக்காரர்கள், அம்மனுக்கே கொடுக்காதவன் மருமகளுக்கா கொடுக்கப் போகிறான் என்றார்கள். மருமகளுக்கு என்ன ஆசை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கை கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பேங்கிலிருந்து நான் போன் எடுத்தால் "இருக்கேன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். கவுன்டர் பெண்ணுக்கு அது போதும். எனக்கு அந்த ஒரு சொல்லோடு கடைக்குத் திரும்பி நடக்கிற தூரம் மிகவும் கஷ்டமாக இருந்தது.

என் மேல் அவ்வளவு கோபமிருந்தும் அவள் பவரை ரத்து செய்யவில்லை. ஏன் என்று யோசித்தேன். ரத்து செய்ய அவள் தூதரகத்துக்குப் போக வேண்டும், அதற்கு மேடம் ஒரு நாள் லீவு தர வேண்டும். மேடம் தரமாட்டாள். இது புரிந்த அன்று என் வெற்றி எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் பங்குனிக் கடைசியில் மாத்தயாவிடம் மிச்சப் பணத்தைக் கட்டி, அவளுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டு, அவள் பேரில் வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதி வாங்கினேன்.

சித்திரையில் ஒப்பந்தம் முடிந்து அவள் வந்தாள். மகள் தன்னைவிட உயரமாகிவிட்டதைப் பார்த்து அழுதாள், வீட்டைப் பார்த்து அழுதாள். என்னைப் பார்த்து மட்டும், வாங்கண்ணே, டீ குடிங்க என்றாள், முறைக்கு வந்தவனிடம் சொல்வது போல. நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

சடங்குக்கு இனிமேல்தான் நாள் பார்க்க வேண்டும். சாமானெல்லாம் அடுக்கி முடிந்த பிறகு ஒரு நாள் இருவரும் டவுனுக்குப் போனோம். முதலில் நொத்தாரிசிடம் பவரை ரத்து செய்தோம். அடுத்து பேங்க். படியில் ஏறப் போன என்னை நிறுத்தி, நீங்க இங்கேயே இருங்க என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். பழக் கடையோரம் வெயிலில் நின்றேன். எந்தப் படிவத்தை நிரப்புவது என்று தெரியுமா, பேனா இருக்கிறதா என்று மனம் அடித்துக்கொண்டது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை படி வரைக்கும் போய்த் திரும்பினேன். நெடுநேரம் கழித்துக் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

எவ்வளவு எடுத்தாய் என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து முன்னால் நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"அங்க மேடம் பைய தொறந்து பாப்பாங்க, எவ்வளவு வச்சிருக்கேன்னு. இங்க நீங்க கேப்பீங்க. நான் சம்பாரிச்ச காசு எவ்வளவுன்னு எனக்கு மட்டும் தெரிஞ்ச நாளு ஒன்னுகூட இல்லண்ணே. இன்னக்கி ஒரு நாளு இருந்துட்டுப் போவட்டுமே."

வீடு உன் பேரில் இருக்கிறதே, அது யாரால் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கொண்டக்டர் வந்தார். நான் பாக்கெட்டில் கை விடுவதற்குள் அவள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டாள். எண்ணி வாங்கு என்று சொல்லவிருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.