ஆட்டுக்கு எந்த அமைச்சகம்?

கோவில்பட்டியில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தேன். மத்திய அரசு முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. மேலே அமைச்சகங்கள், அவற்றுக்குக் கீழே துறைகள், துறைகளுக்குக் கீழே இணைப்பு அலுவலகங்கள், சார்நிலை அலுவலகங்கள், இன்னும் கீழே வாரியங்கள், கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு ஒரு கோடு. மத்திய அரசுத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பல் தேய்க்கும்போதுகூட அதைப் பார்த்தபடிதான் தேய்ப்பேன். பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்கக் குழம்பியது.

பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். செடியில் வெடித்து நிற்கும்வரை அது வேளாண்மை அமைச்சகம். கொட்டை நீக்கிப் பொதியாகக் கட்டிவிட்டால் ஜவுளி அமைச்சகம். சரி, பறித்த பருத்தியை மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வருகிறாரே எங்கள் மதினி, அந்த நேரத்தில் அது யாருடையது? ஆட்டுக்கு உள்ளது மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகம்; பெயரில் மீன்தான் முதலில் வரும். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தால்தான் மீனையே பார்க்கிற கரிசல்காட்டுக்காரிக்கு அது மனதில் நிற்கவே மாட்டேன் என்றது. ஆட்டின் ரோமம் மட்டும் தனியாக ஜவுளிக்குப் போய்விடும். நல்லவேளை, எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. ஒரு அமைச்சகம் மிச்சம்.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கு வடக்கே, நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் அண்ணன், மதினி, ஆடுகள். நான் மட்டும் படிப்பு என்று கோவில்பட்டிக்கு வந்துவிட்டவள். ஒரு கார்த்திகை மாதக் காலையில் அண்ணன் போன் செய்தார்.

"ஏட்டி, ரோட்டு நடுவுல நம்ம ஆடு தாண்டுத வழிய அடச்சுப்புட்டாங்க. கான்கிரீட் கட்டய வரிசையா எறக்கிட்டுப் போயிருக்காங்க. யாருட்ட போயி கேக்கணும்? நீதான சர்க்காரப் படிக்குத?"

ஊர் சாலைக்கு மேற்கே. மேய்ச்சல் கிழக்கே. தை அறுப்பு முடிந்ததும் கம்பும் சோளமும் எடுத்த காடுகளில் ஆடுகள் பகலெல்லாம் மேயும். இரவில் பயிர் வைக்கிற சம்சாரி யாராவது ஒருவரின் நிலத்தில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டுப்புழுக்கை உரமாகும், அதற்கு அண்ணனுக்குக் கூலி உண்டு. வழியை அடைத்துவிட்டால் தெற்கே பாலம்வரை சாலை ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போய்த்தான் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் லாரிகள் அப்படி ஒரு வேகத்தில் வரும்.

"தை அறுப்புக்குள்ள தெறக்கலன்னா எட்டயபுரம் சந்தைக்குப் பத்திட்டுப் போயிர வேண்டியதுதான்" என்றார் அண்ணன். ஒன்றிரண்டை அல்ல, மொத்தத்தையும் ஓட்டிப்போய் விற்றுவிடுவதாக. விளையாட்டாகச் சொல்கிற குரல் இல்லை அது.

அன்றைக்கு நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் கிளம்பினேன். நாடு முழுக்க யாருக்குக் கீழே யார் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறவள், ஒரு வழியைத் திறக்க வைக்க மாட்டேனா? முதலில் சுங்கச்சாவடிக்குப் போனேன். "நாங்க வசூல் மட்டும்தாம்மா, கட்டை வைக்கிறது பராமரிப்புக் கம்பெனி" என்றார்கள். கம்பெனிக்குப் போனேன். "திட்ட அலுவலகத்துல சொன்னாங்க, வச்சோம்" என்றார்கள். திட்ட அலுவலகத்தில், "அந்த எடத்துல பைக் விபத்து ஜாஸ்தின்னு மாவட்டத்துல கூட்டம் போட்டு எடுத்த முடிவுல்லா" என்றார்கள். மாவட்ட அலுவலகத்தில், "ரோடு மத்திய அரசோடதும்மா, நாங்க கை வைக்க முடியாது" என்றார்கள். ஒருவரும் என்னை விரட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள். கோபப்படக்கூட ஆள் இல்லாததில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அறைக்கு வந்து தாளைப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கின. ஒரு கோடாவது குறுக்கே போகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. எங்கள் ஆடுகளுக்கு வேண்டியதோ குறுக்கே போகிற வழி.

மதினிக்கு இது விளங்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "அங்கன எல்லாம் மாடியில மொதலாளி இருப்பாரு. நேரா ஏறிப் போயி ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுபோச்சு. டெல்லியில மாடி கெடயாதா?" என்று கேட்டார். இருக்கிறது மதினி, நிறைய மாடி இருக்கிறது என்றேன்.

கடைசியில் டெல்லிக்கே இணையம் வழியாக மனுப் போட்டேன். அமைச்சகத்தைத் தேர்ந்தெடு, துறையைத் தேர்ந்தெடு, பிரிவைத் தேர்ந்தெடு என்று திரை கேட்டுக்கொண்டே போனது. படித்த படிப்பு அங்கேதான் உதவியது. ஒரு தப்பும் இல்லாமல் சாலைக்கு உரிய கட்டங்களாகப் பார்த்து அழுத்தினேன். ஆடுகள், கிடை, தை அறுப்பு என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். அனுப்பிவிட்டு அண்ணனுக்குப் பெருமையோடு போன் போட்டால், அவர், "நானும் ஒண்ணு குடுத்துட்டேன்" என்றார்.

"யாருட்ட?"

"ஊசி போட வந்த டாக்டருட்ட."

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வருகிற கால்நடை மருத்துவரிடம் சாலைக்கு மனு! எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "ஏண்ணே, அவருக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஊசி டெல்லியில இருந்து வருதுன்னு அவியளே சொன்னாவ. ரோடும் டெல்லி ரோடு. ஒரு கிடை ஆடுதானட்டி?"

அண்ணன் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பல வீட்டு ஆடுகள் ஒன்றாகத்தான் போகும். அவரவர் ஆட்டுக்குக் காதில் அவரவர் வெட்டு அடையாளம் இருக்கும். ஆனால் ஏதாவது ஆடு யார் வெள்ளாமையிலாவது வாய் வைத்துவிட்டால், அது யார் வீட்டு ஆடு என்று எவரும் காதைப் பார்க்க மாட்டார்கள். கூடப் போகிற யாராவது ஒருவரிடம் சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் கிடைக்குத் தலைவரான பெரியவர் காதுக்குப் போய், நியாயமும் ஆகிவிடும். அரசாங்கத்தையும் அண்ணன் அப்படித்தான் நினைத்திருந்தார். அதெல்லாம் வேறண்ணே என்று கட்டங்களையும் கோடுகளையும் அரை மணி நேரம் விளக்கினேன். "நீ சொல்லுதது ஒண்ணும் பிடிபடல" என்று வைத்துவிட்டார். எனக்கு மட்டும் என்ன பிடிபட்டிருந்தது?

தை வந்தது. அறுப்பு முடிந்தது. கட்டைகள் அப்படியே கிடந்தன. அண்ணன் பாலத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் விடியலில் ஒரு லாரி போட்ட ஹாரனில் ஆடுகள் சிதறி, சில ஆடுகள் சாலைக்குள் பாய்ந்துவிட்டன. அடிபட்டவற்றில் ஒன்று மறுநாள் குட்டி போட இருந்தது. மதினி அன்று சோறு ஆக்கவில்லை. அடுத்த சந்தைக்கு அண்ணன் எல்லாவற்றையும் பத்திக்கொண்டு போய் விற்றுவிட்டு, வெறும் கம்போடு திரும்பி வந்தார். போனில் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பிறகு அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. அதே சாலையின் நடுத்தடுப்பில் வளர்கிற அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை. எங்கள் குடும்பத்தில் சாலை அமைச்சகத்துக்குள் முதலில் நுழைந்தது அண்ணன்தான் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். மேஸ்திரிக்குக் கீழே அண்ணன், துணை ஒப்பந்தக்காரருக்குக் கீழே மேஸ்திரி, கம்பெனிக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர். தாளில் தேடினேன். இவர்களில் ஒருவருக்கும் கட்டம் இல்லை.

மாசியில் ஒருநாள் கால்நடை மருத்துவர் எனக்குப் போன் செய்தார். "உங்க மனு எனக்கு வந்திருக்கும்மா."

"எங்க அண்ணன் கொடுத்ததா சார்?"

"அது அப்பவே எங்கிட்ட வந்துட்டு. இது நீங்க டெல்லிக்கு அனுப்புனது."

மேலே எங்கோ யாரோ ஒருவர் மனுவில் ஆடு என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார். ஆடா, கால்நடைக்கு அனுப்பு. அங்கிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போடுகிறவர். அண்ணன் கைநீட்டிக் கொடுத்த இடத்துக்குத்தான் நானும் டெல்லியைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இதில் யார் சரியாகச் செய்தோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று அவர் வந்தார். நானும் பஸ் பிடித்துப் போனேன். அண்ணன் வேலையில் இருந்ததால், அடைத்த வழிக்குப் பக்கத்திலேயே, நடுத்தடுப்பில் மூன்று பேரும் நின்றோம். இரண்டு பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மருத்துவர் கையில் எங்கள் இரண்டு மனுக்களும் இருந்தன.

"அண்ணாச்சி, ஆடுக எங்கன?" என்று கேட்டார்.

"வித்தாச்சு சார்."

அவர் முகம் வாடிப்போயிற்று. சாலையை மேலும் கீழும் பார்த்தார். "ரோட்டுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆட்டுக்கு ஏதாச்சும் பண்ணலாம்னு பாத்தா ஆடும் இல்லங்கீங்க. நான் என்னத்த எழுத?"

அண்ணன் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். "உள்ளத எழுதுங்க சார். ஆடு இல்ல. தாண்டுத தேவையும் இல்ல."

மருத்துவர் தயங்கித் தயங்கி அதைத்தான் எழுதினார். போகும்போது அண்ணனின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் என் போனுக்குச் செய்தி வந்தது. என் குறை தீர்க்கப்பட்டதாம். திருப்தியா, இல்லையா என்று கேட்டு இரண்டு பொத்தான்கள் இருந்தன. அந்தச் செய்தியில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஆடு இல்லாதவனுக்கு ஆடு தாண்டுகிற வழி எதற்கு? பொய் இல்லை. ஆனால் நெஞ்சு எரிந்தது. திருப்தி இல்லை என்று அழுத்தினால் அது யாருக்குப் போகும்? மறுபடியும் அந்த மருத்துவருக்குத்தானே போகும்? ஒன்றும் தோன்றாமல் அண்ணனுக்கே போன் போட்டேன்.

"நல்லதுன்னே அமுக்கு" என்றார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. "இத்தன பேருல அவிய ஒருத்தருதான நம்ம ஆடு எங்கனன்னு கேட்டாவ."

கை வரவில்லை. அப்படியும் அமுக்கினேன்.