அழிக்காமல் எழுப்ப வேண்டிய போன்

மிஷன் பள்ளி வாத்தியார் மகன் இம்மானுவேல், வாத்தியார் ஆகாமல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போன் கடை போட்டவர். ஆன் ஆகாத போன் எது வந்தாலும் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகுவார். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக சாஃப்ட்வேர் ஏற்றுவார். படமெல்லாம் போச்சே என்று புலம்புகிறவர்களிடம், போன் வேணுமா படம் வேணுமா என்று எரிந்து விழுவார்.

அன்று காலை வந்த அழகுபாண்டிக்குப் படம்தான் வேண்டும். அலங்காநல்லூர்க்காரர். கொஞ்ச நாளாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த அவருடைய அம்மா முத்துத்தாய், முந்தின நாள் இதே பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டார். தேடி அலைந்ததில் சார்ஜ் இறங்கி, அப்டேட் பாதியில் நின்று, போன் கம்பெனிப் பெயரைக் காட்டுவதும் அணைவதுமாகக் கிடந்தது. ஆதார் படத்தில் முகமே தெரியவில்லை, நல்ல படமாகக் கொண்டுவா என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

"அம்புட்டுப் படமும் இதுலதாண்ணே கெடக்கு."

இம்மானுவேல் பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி வயரைச் சொருகினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. வயரை மாற்றினார். அப்போதும் இல்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாமல் அம்மா எந்த ரோட்டில் நிற்கிறதோ என்று அழகுபாண்டி முனகிக்கொண்டே இருந்தார். கடையில் ஜெபம் பண்ணுகிற ஆளில்லை இம்மானுவேல். அன்று ஏசப்பா ஏசப்பா என்று வாய் முணுமுணுத்தது.

வீட்டுக்கென்று வைத்திருந்த வயரைப் போட்டதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. திரையில் போனின் பெயர் வந்தது. உயிர் இருக்கிறது, சாஃப்ட்வேர்தான் கெட்டிருக்கிறது. கை பழக்கத்தில் எல்லாவற்றையும் துடைக்கிற கட்டத்துக்கே போனது. பதறி இழுத்துக்கொண்டார். படங்களைத் தொடாமல் ஏற்றுகிற வழியைத் தேர்ந்து, திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு அழுத்தினார். நெடுநேரம் கழித்து போன் திறந்தது. அழகுபாண்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

படங்களைத் தள்ளினார்கள். காளை. மாலையோடு காளை, குளத்தில் காளை, வாடிவாசலில் காளை. தள்ளத் தள்ளக் காளைதான்.

"அம்மா எங்கப்பா?"

அழகுபாண்டி இன்னும் வேகமாகத் தள்ளினார்.

"படம் எடுக்கையில அம்மாதாண்ணே மாட்டப் புடிச்சுக்கிரும்."

கடைசியில் ஒரு படத்தின் ஓரத்தில், மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி பச்சை குத்திய கை ஒன்று இருந்தது. படத்திலிருந்து காளையை வெட்டிவிட்டு, அந்தக் கையை மட்டும் பெரிதாக்கி, இந்தக் கைக்காரம்மாவைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினார்கள்.