எஸ்கார்ட் கார்டுப் பெரியம்மா

தில்லிப் பள்ளிகளில் எஸ்கார்ட் கார்டு என்று ஒன்று உண்டு. பிள்ளையை அழைத்துப்போக யாருக்கெல்லாம் உரிமை என்று படத்தோடு அச்சிட்ட அட்டை. அம்மா, அப்பா படங்களுக்குக் கீழே இன்னும் ஒருவர் படம் வேண்டும். அவசரத்தில் பெற்றோர் கிடைக்காவிட்டால் உடனே வரக்கூடியவராக, உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். அட்டையில் இல்லாத யார் வந்து நின்றாலும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். நல்ல விதிதான். எனக்குத்தான் அதற்கு ஆள் இல்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுடைய அப்பா எங்களைப் பிரிந்து புனேயில் வேறு குடும்பத்தோடு இருந்தார். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருஷத்தில் எனக்குக் காலை வணக்கம் சொல்ல நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர்கூட இல்லை. படிவத்தில் அப்பாவின் இடத்தில் ஒரு கோடு போட்டேன். பள்ளிக் குமாஸ்தா அதை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது இடத்தில் போட்ட கோட்டைத்தான் பேனா முனையால் தட்டினார்.

"யே காலி நஹீ சலேகா, மேடம். கோயி தோ ஹோகா?"

காலியாக விடக்கூடாது, யாராவது இருப்பார்களே என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா, தாத்தா, பாட்டி, சித்தி மூன்று பேரையும் எழுத ஒரே ஒரு வரிதானா என்று அலுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலும் அவமானமும் சேர்ந்து வந்தன. நாளைக்குத் தருகிறேன் என்று படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் அளவில் ஒரு படம் கேட்டேன்.

"ஏட்டி, என் போட்டோ ஒனக்கு எதுக்கு?"

"சும்மாதான்க்கா. பர்ஸ்ல வச்சுக்க."

அவள் அதில் குளிர்ந்துபோய் வாட்ஸப்பில் மூன்று படங்கள் அனுப்பினாள். இப்படியாக, தில்லியைக் கண்ணாலும் பார்த்திராத என் அக்கா, மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியேறினாள். அவளுக்கு ஒரு நம்பர் வேண்டுமே. என் பழைய போனில் கிடந்த சிம்மின் நம்பரை எழுதினேன். அந்தப் போனைத் தூசி தட்டி, ஃப்ரிட்ஜின் மேல் சார்ஜரில் செருகி வைத்தேன். என் போனிலும் அந்த நம்பரை 'அக்கா மயூர் விஹார்' என்று சேர்த்துக்கொண்டேன்.

மகளையும் உட்காரவைத்துத் தயார் செய்தேன். "யாராவது கேட்டா, பெரியம்மா இங்க பக்கத்துலதான் இருக்காங்கன்னு சொல்லணும். நமக்கு யாரும் இல்லைன்னு மட்டும் சொல்லவே கூடாது. சரியா?"

"அது ஜூட் தானே, மம்மா?" என்றாள். பொய் என்பதற்கு அவளுக்கு இந்திச் சொல்தான் முதலில் வாயில் வரும்.

"ஃபார்முக்காகச் சொல்றது பொய் இல்ல" என்றேன். அரசு வேலையில் இருப்பவளுக்கு அந்த வாக்கியம் தடையில்லாமல் வந்தது.

பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு முறை, சனிக்கிழமையில், ஆபத்துக்கால ஒத்திகை நடத்துவார்கள். மணி விட்டுவிட்டு அடிக்கும். பிள்ளைகள் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக எதிரில் இருக்கும் பூங்காவுக்குப் போவார்கள். அதே நேரத்தில் அட்டையில் உள்ள எல்லோருக்கும், இது சோதனைச் செய்தி, பதில் அனுப்பவும் என்று வரும். நான் வீட்டில் இருந்தபடி என் போனிலிருந்து 'ஓகே' என்று அனுப்புவேன். பிறகு ஃப்ரிட்ஜ் பக்கம் போய் 'கிடைத்தது, மிக்க நன்றி' என்று ஆங்கிலத்தில் அனுப்புவேன். அக்கா என்னைவிட மூத்தவள், கொஞ்சம் மரியாதையாகப் பேசட்டும் என்றுதான்.

பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, "உங்க சிஸ்டர் ரொம்ப பொறுப்பானவங்க. உங்க பதில் வந்த அடுத்த நிமிஷமே அவங்க பதிலும் வந்துடுது" என்று பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது. அப்படி ஓர் அக்கா அடுத்த தெருவில் இருப்பது நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலை முதல் பீரியடிலேயே பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்துவிட்டது. பிள்ளைகளைப் பூங்காவுக்கு நடத்திப்போய் உட்காரவைத்து, பெற்றோரை உடனே வந்து அழைத்துப்போகச் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். கடைசியில் அது வெறும் புரளி என்று தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

எங்கள் செக்‌ஷனுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பள்ளியில் நான் கொடுத்திருந்த அலுவலக நம்பர் பழைய அறையினுடையது. செக்‌ஷன் மூன்றாவது மாடிக்கு மாறி எட்டு மாதமாகியும் நான் அதைத் திருத்தித் தரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்து போனை எடுத்தால் பள்ளியிலிருந்து பத்தொன்பது அழைப்புகள். யாரிடமும் சொல்லாமல், டிபன் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

வண்டிக்குள் பள்ளி நம்பரை விடாமல் அடித்தேன். எங்கேஜ்டு. ராஜீவ் சௌக்கில் மாறி, அடுத்த வண்டியில் கதவோரம் நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் யாரையாவது அனுப்ப வேண்டும், யாரை, யாரை என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். 'அக்கா மயூர் விஹார்' என்று ஒரு பெயர் வந்தது. அழுத்திவிட்டேன்.

மணி போயிற்று. நான் காதில் வைத்துக்கொண்டு, எடுங்க, எடுங்க என்று வாய்விட்டே சொன்னேன். ஐந்தாறு முறை அடித்த பிறகுதான் என் வீட்டுச் சமையலறை கண்ணுக்குத் தெரிந்தது. பூட்டிய வீட்டில், ஃப்ரிட்ஜின் மேல், அந்தப் போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் உடனே துண்டிக்கவில்லை. தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு கூட்டத்தின் நடுவில் அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பூங்காவில் இரண்டு போலீஸ்காரர்களும், வகுப்பு ஆசிரியையும், என் மகளும் மட்டும் இருந்தார்கள். மகள் பையை மாட்டியபடியே சிமெண்ட் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையெழுத்துப் போட நோட்டை நீட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுப் பெண்ணின் மகனும் அதே பள்ளி. அவனை அழைக்க வந்தவள் என் மகளைத் தனியே பார்த்துவிட்டு, நானே கூட்டிப்போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். அவள் அட்டையில் இல்லை. அனுமதி கேட்க நானும் போனில் கிடைக்கவில்லை. அவள் மகனை வீட்டில் விட்டுவிட்டு மறுபடியும் வந்து கேட்டிருக்கிறாள். அப்போது என் மகளே முந்திக்கொண்டு, "மேரி பெரியம்மா ஆ ரஹீ ஹைன்" என்று சொல்லிவிட்டாளாம். பெரியம்மா வந்துகொண்டிருக்கிறாள், கால் வலியால் மெதுவாகத்தான் நடப்பாள், போனை அடுப்படியில் வைத்துவிடுவாள், அதனால்தான் எடுக்கவில்லை. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். என் எட்டு வயதுப் பெண் அந்த ஒன்பதையும் தனியாகச் சொல்லியிருக்கிறாள்.

கீழ்வீட்டுக்காரியோடு நான் அதுவரை நாலு வருஷமாகப் பேசாமல் இருந்தேன். நான் தொட்டிச் செடிக்கு ஊற்றிய தண்ணீர் அவள் காயப்போட்ட போர்வையில் சொட்டியதில் வந்த வாய்ச்சண்டை. அடுத்த வாரம் படி இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன், படமும் கேட்டேன். கொடுத்தாள். இப்போது அட்டையில் இருப்பது அவள்தான். அந்தப் படம் முதலிலேயே கிடைத்திருக்கும். கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த நாள் எனக்கு மறக்காமல் இருப்பது அதனால் இல்லை. வீட்டுக்குப் பேட்டரி ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ரொம்ப பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல. பாம் எல்லாம் இல்லைன்னு போலீஸ் அங்கிள் சொன்னாங்க."

"பின்ன ஏன் பேசாம வர்றே?"

பைப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "முதல்ல நான் சும்மாதான் சொன்னேன், மம்மா. நீ சொல்லச் சொன்னேல்ல, அதான். அப்புறம் எல்லாரும் போயிட்டாங்க. அப்ப பெரியம்மா சச்சி, நிஜமாவே வருவாங்கன்னு தோணிச்சு. சாரி கட்டின ஆன்ட்டி யாரு வந்தாலும் பார்த்தேன், போட்டோல இருக்கிற மாதிரி இருக்காங்களான்னு."

"அதான் நான் வந்துட்டேனே, கண்ணு."

"ஆமா" என்றாள். "நீ ஓடி வந்தே. உன்னைப் பார்த்ததும்தான் பெரியம்மா இல்லைன்னு தெரிஞ்சுது."

காலையிலிருந்து யார் முன்னாலும் அழாதவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ஏமாந்துபோன அழுகை அது. மூச்சிரைக்க ஓடிப்போய் நான் அவளுக்குக் கொடுத்தது, இனி வேறு யாரும் வரப்போவதில்லை என்ற செய்தியை. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வராத என் அக்காவுக்காக அவளோடு சேர்ந்து நானும் அழுதேன்.